கையெழுத்துக்கு ஒரு பச்சை மை

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, சென்னையில் உறவினர் வீட்டில் நனைந்த சான்றிதழ்களைப் பிரித்துக் கொடியில் காயப்போட உதவினேன். ஜெராக்ஸ் எழுத்தில் ஒன்றுகூட அழியவில்லை. ரப்பர் ஸ்டாம்பின் ஊதா தாள் முழுக்கப் பரவியிருந்தது. அதன்மேல் யாரோ ஓர் அதிகாரி பச்சை மையில் போட்டிருந்த கையெழுத்து இருந்த இடத்தில் வெளிறிய நீலக் கறை ஒன்றுதான் மிச்சம். தாளைச் சாய்த்துப் பிடித்தால் நிப் அழுத்திய தடம் தெரிந்தது. பச்சை எப்படி நீலமானது? அதற்கு விடை தேடப்போய்த்தான், மை பாட்டில் ஒன்று வாங்கினால் எழுதுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

நம் ஊரில் பச்சை மை என்றாலே கெசட்டட் அதிகாரியின் கையெழுத்துதான் நினைவுக்கு வரும். மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு, இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவர்களே அரிதாகப் பச்சை, சிவப்பு மைகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. நடைமுறையில் சான்றொப்பம் இடும் அதிகாரிகள் பலரின் சட்டைப்பையிலும் ஒரு பச்சைப் பேனா இருந்தது. அதில் ஒரு பயனும் உண்டு. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் பச்சை கறுப்பாகவோ சாம்பலாகவோ மாறிவிடுவதால், எது மூலம், எது நகல் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறைக்கு முதல் தலைவராக இருந்த மான்ஸ்ஃபீல்ட் ஸ்மித் கம்மிங், பச்சை மையில் ‘சி’ என்ற ஓரெழுத்தைக் கையொப்பமாக இட்டார். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அதையே தொடர்கிறார்கள். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா கவிதை எழுதியதும் பச்சை மையில்தான்.

இனி மைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பவுண்டன் பேனா மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்த சாயம், நிப் சட்டென்று உலராமல் காக்கும் கிளிசரின் போன்ற பொருள், மை தாராளமாக இறங்க உதவும் சோப்புத்தன்மை கொண்ட சேர்மம் சிறிதளவு, பூஞ்சைத் தடுப்பான் கொஞ்சம். இவ்வளவுதான். பச்சையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், பல பச்சை மைகளில் பச்சைச் சாயமே இருக்காது. நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் கலந்துதான் பச்சை ஆக்குகிறார்கள். ஒன்று தண்ணீரில் வேகமாகக் கரையும். மற்றது தாள் நாரைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், மற்றது தாங்கும். அந்தச் சான்றிதழில் மஞ்சள் தண்ணீரோடு போய்விட்டது, நீலம் மட்டும் தங்கிவிட்டது. மை பாட்டிலின் லேபிளைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

வீட்டில் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. காபி வடிகட்டும் தாளையோ வேதியியல் கூடத்து வடிதாளையோ ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பொட்டு மை வையுங்கள். உலர்ந்ததும், டம்ளரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, பொட்டு நனையாமல் நுனி மட்டும் நனையும்படி துண்டைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் மேலே ஏற ஏறச் சாயங்கள் பிரியும். உச்சியில் மஞ்சளும் கீழே நீலமும் வந்தால் அது கலவை. ஒரே பச்சைப் பட்டையாக ஏறினால் தனிச் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். வைத்த இடத்திலேயே கொஞ்சம் நகராமல் நின்றால் மகிழலாம்: மழையில் நனைந்தாலும் எழுத்தின் ஏதோ ஒரு சாயல் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் செய்த குரோமட்டோகிராபிதான் இது. பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்தால் அவர்களுக்கும் பிடிக்கும்.

நிறத்தை மதிப்பிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாட்டிலுக்குள் எல்லாப் பச்சையும் கறுப்பாகவே தெரியும். காதுகுடையும் பஞ்சுக்குச்சியை மையில் தோய்த்து வெள்ளைத் தாளில் ஒரு முறை இழுங்கள். பக்கத்திலேயே இரண்டு பூச்சு, அதற்கடுத்து மூன்று பூச்சு. ஒரே மை வாழைக்குருத்தாகத் தொடங்கி முற்றிய மாவிலை வரை போகும். பிறகு பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத சன்னலோரமாக வைத்துப் பாருங்கள். எல்இடி விளக்கில் நீலம் கூடித் தெரியும், பழைய குண்டு பல்பில் மஞ்சள் கூடும். கைபேசிக் கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானே மாற்றிக்கொள்வதால் படத்தை மட்டும் நம்பி நிறத்தை முடிவு செய்யக்கூடாது. கண்ணாடிக் குச்சி நிப்பைத் தோய்த்து எழுதிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தாளில் மையை அதிகமாக இறக்கும். பேனாவில் ஊற்றி எழுதும்போது அதே மை இரண்டு படி வெளிறி நிற்கும்.

அதனால் எல்லா மைக்கும் ஒரே பேனாவை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பேனா என்பது அவ்வளவு முக்கியமில்லை, அதன் குணம் உங்களுக்குப் பழகியிருக்க வேண்டும். நான் திருவள்ளூரில் கடைந்த எபனைட் பேனா ஒன்றை வைத்திருக்கிறேன். கழுத்தைத் திருகித் திறந்து உடலுக்குள்ளேயே ஃபில்லரால் மை ஊற்றும் பழைய முறை. இவ்வகைப் பேனாவில் ஒரு கூடுதல் சோதனை தானாக நடந்துவிடும். மை பாதிக்குக் கீழே இறங்கியபின் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அப்போது நிப்பிலிருந்து சொட்டு விழுகிறதா, எழுத்து திடீரென்று தடிக்கிறதா என்று பார்க்கலாம். தாராளமாக இறங்கும் மையை ‘ஈரமான மை’ என்றும், கஞ்சத்தனமாக இறங்குவதை ‘வறண்ட மை’ என்றும் பேனா ஆர்வலர்கள் சொல்வார்கள். பெலிக்கன் 4001 வரிசை வறண்டது என்றும், பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு வரிசை ஈரமானது என்றும் பெயர் வாங்கியவை. இதில் குறையோ நிறையோ இல்லை. ஒழுகும் பேனாவுக்கு வறண்ட மை மருந்து, இறுகிய நிப்புக்கு ஈரமான மை மருந்து.

எழுதிப் பார்க்க எதை எழுதுவது? நான் பார்த்த ஆங்கில மதிப்புரைகளில் இருபத்தாறு எழுத்தும் வரும் வாக்கியம் ஒன்றை எழுதுகிறார்கள். தமிழ் எழுதுபவருக்கு அது போதாது. நம் எழுத்தில் சுழி அதிகம், புள்ளி அதிகம். மூன்று சுழி ‘ண’ மையை ஊறவிடும் தாளில் அடைத்துக்கொண்டு இரண்டு சுழி ‘ன’ போலாகிவிடும். ‘ஞ’, ‘இ’, ‘ஐ’ ஆகியவற்றின் உள்வளைவு மூடிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி பரவிக் கீழே இறங்கி எழுத்தையே தொடும். ஆகவே ‘அண்ணன்’, ‘மஞ்சள்’, ‘இஞ்சி’, ‘ஐந்து கிண்ணம்’ போன்ற சொற்களை உங்கள் வழக்கமான அளவிலும், அதில் பாதி அளவிலும் எழுதுங்கள். நல்ல தாளில் இன்னொன்றையும் காண்பீர்கள்: சுழி முடியும் இடத்தில் மை தேங்கி, அங்கே கரும்பச்சையாகவும் கோடு ஓடும் இடத்தில் இளம்பச்சையாகவும் உலரும். வளைந்து வளைந்து போகும் நம் எழுத்தில் இந்த நிறச்சாயல் விளையாட்டு மிக அழகாக விழும். பச்சை மை வாங்க இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

தாளுக்கு வருவோம். மை ஊறுவதற்குத் தாளும் மையும் சேர்ந்தே பொறுப்பு. தாள் தயாரிக்கும்போது தண்ணீரை உடனே உறிஞ்சாதபடி ஒரு பசைப்பொருள் சேர்ப்பார்கள். அது குறைந்தால் மை நார் வழியே ஓடிப் பிசிறடிக்கும், பின்பக்கமும் எட்டிப் பார்க்கும். குறைந்தது மூன்று தாளில் எழுதுங்கள்: அலுவலகத்தில் கிடைக்கும் 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள், ஒரு சாதாரணப் பள்ளி நோட்டு, கொஞ்சம் விலை கூடிய எழுதுதாள். முதலாவதற்கு, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் கரூர் டிஎன்பிஎல் ஆலையின் தாள் நம்மிடம் எளிதில் கிடைக்கிறது. ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் 52 ஜிஎஸ்எம்தான், ஆனாலும் பின்பக்கம் மை இறங்காது. கனம் வேறு, மை தாங்கும் குணம் வேறு என்பதற்கு அதுவே சாட்சி.

உலரும் நேரத்தை அளக்க ஒரு சின்ன உத்தி. ஐந்து நொடிக்கு ஒன்றாக, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு கோடு போடுங்கள். ஆறாவதைப் போட்ட கணமே மேலிருந்து கீழாக விரலால் இழுங்கள். முதல் கோட்டுக்கு வயது 25 நொடி, கடைசிக்குப் பூஜ்யம். எந்தக் கோட்டிலிருந்து ஈஷத் தொடங்குகிறதோ அதுதான் விடை. மட்டமான தாள் மையைக் குடித்துவிடுவதால் சீக்கிரம் உலரும். நல்ல தாளில் மை மேலேயே நின்று ஆவியாக வேண்டும் என்பதால் தாமதமாகும், ஐப்பசி மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். கோப்பில் கையெழுத்திட்டு உடனே மூடுபவருக்கு 20 நொடி நீண்ட நேரம். பள்ளிக்காலத்தில் சாக்பீஸை உருட்டி மை ஒற்றியது நினைவிருக்கும். இப்போதும் ஒற்றுத்தாள் ஒரு துண்டு பக்கத்தில் இருப்பது நல்லது.

சாயம் மிக அடர்ந்த மைகளில் உலர்ந்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. உறிஞ்சப்படாத சாயம் மேல்பரப்பில் படிந்து, சாய்த்துப் பார்த்தால் செம்பு போல மின்னும். ஜே. எர்பினின் ‘எமரால்ட் ஆஃப் ஷிவோர்’ என்ற நீலப்பச்சை மை இந்தச் சிவந்த மினுக்குக்கும், கூடவே மிதக்கும் பொன் துகள்களுக்கும் பேர்போனது. ஷிவோர் என்பது கொலம்பியாவின் மரகதச் சுரங்கம் ஒன்றின் பெயர். பார்க்கப் பரவசம். வாழ்த்து அட்டைக்கு அற்புதம். ஆனால் வியர்த்த கை பட்டால் இப்படி மின்னும் மைகள் ஈஷிக்கொள்ளும் என்பதால் கணக்கு நோட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர்ச் சோதனையை எழுதிய உடனே செய்யாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒரு வரியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். இன்னொரு துண்டைக் குழாயடியில் பிடியுங்கள். மூன்றாவதைத் தட்டில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. சாதாரணச் சாய மைகளில் பெரும்பாலானவை இதில் தோற்கும். அது அவற்றின் ஏமாற்று வேலை இல்லை. பேனாவைக் கழுவ எளிதாக இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அழியாத பச்சை வேண்டுமென்றால் வேறு வகை தேட வேண்டும். டி அட்ராமென்டிஸ் நிறுவனத்தின் ‘டாகுமென்ட்’ வரிசையில் பச்சை உண்டு. பிளாட்டினத்தின் ‘ஃபாரஸ்ட் பிளாக்’ இரும்புச்சத்து சேர்ந்த மை: பச்சையாக இறங்கி, காற்றுப் பட்டுக் கறுக்கும், தண்ணீரில் கிடந்தாலும் கறுத்த தடம் நிற்கும். ஆனால் கறுத்துவிட்டபின் பச்சைக் கையெழுத்து என்று யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இவ்வகை மைகளைப் பேனாவில் வாரக்கணக்கில் உலரவிடவும் கூடாது.

வெயில் சோதனைக்குப் பொறுமை வேண்டும். ஒரு துண்டில் பூச்சும் எழுத்தும் இட்டு, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் வரும் சன்னலின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, அதுவரை காய்ந்ததை மூடிக்கொண்டே வந்தால், நான்கு வாரத்தில் படிக்கட்டு போல ஒரு வண்ண வரிசை கிடைக்கும். நீலம் பக்கம் நகர்ந்தால் மஞ்சள் வெளுத்திருக்கிறது, மஞ்சள் பக்கம் நகர்ந்தால் நீலம். அதே துண்டை மாட்டுமுன் ஒரு ஜெராக்ஸும் எடுத்துப் பாருங்கள். இளம்பச்சைகள் சில நகலில் காணாமலே போகும்.

கடைசியாகக் கழுவுதல். பேனாவைக் காலி செய்து, தண்ணீர் நிரப்பி வெளியேற்றுங்கள். எத்தனையாவது முறை தெளிந்த நீர் வருகிறது என்று எண்ணுங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் பேனாவில் பச்சைப் படலம் போகாமல் நின்றால் அந்த மையை எபனைட் பேனாவுக்கு ஒதுக்கிவிடலாம். இரண்டு மைகளை ஒரே பேனாவில் கலக்காதீர்கள், சில சாயங்கள் சேர்ந்தால் வண்டலாகப் படிந்து நிப்புக்கு அடியிலுள்ள கட்டையை அடைத்துவிடும். பாட்டிலைத் திறந்ததும் மேலே ஆடை மிதந்தாலோ பாசி வாடை அடித்தாலோ, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

எல்லாத் துண்டுகளையும் ஒரு நோட்டில் ஒட்டி, தேதி, பேனா, தாள் மூன்றையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில், அந்தச் சான்றிதழின் கறையைப் பார்த்து நானே பூசிய வெளிர்நீலப் பட்டை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு புதிய பச்சையும் ஊறி எழுந்தபின் அதனுடன் ஒப்பிடத்தான்.