சுயபதிப்பும் இளம் வாசகரும்: சி.சு. செல்லப்பாவின் புதின வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, கல்லூரிகளுக்குச் சுமந்து சென்று விற்றவர் சி.சு. செல்லப்பா (1912–1998). அவருடைய புதின வாழ்வை இக்கட்டுரை விளக்குகிறது. சுயபதிப்பின் முதன்மைச் சிக்கல் அச்சிடுவதன்று, இளம் வாசகரைச் சென்றடைவதே என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சுயபதிப்பு, இளையோர் வாசிப்பு, எழுத்து பிரசுரம், வாடிவாசல், தேனி வட்டாரம்

முன்னுரை

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர். மலைச்சரிவுகளில் விளையும் காய் விலைபேசப்படுவதற்கு அடிவாரத்திலுள்ள இவ்வூருக்கு வந்துசேர்கிறது. ஏலக்காய் விளைவிப்போர் சங்கத்தின் பெயரிலேயே இங்குக் கல்லூரி ஒன்றும் இயங்குகிறது. விளைபொருளுக்கு இவ்வாறு சந்தைவழி அமைந்த வட்டாரத்தில், இம்மண்ணைச் சார்ந்த இலக்கியம் இங்குள்ள மாணவர் கைக்கு எவ்வழியில் வந்துசேர்கிறது என்பது கேட்கத்தக்க வினா. போடிக்கு அண்மையிலுள்ள சின்னமனூரைத் தம் பெயரின் முன்னெழுத்தாகக் கொண்ட செல்லப்பாவின் வாழ்வு அவ்வினாவுக்கு ஒரு விடையைத் தருகிறது. அவர் வளர்ந்த ஊர் வத்தலக்குண்டு.

இளையோர் புதினம் என்னும் வகைமை

‘இளையோர் புதினம்’ என்னும் வகைப்பெயர் செல்லப்பா எழுதிய காலத்தில் தமிழில் வழங்கவில்லை. தம் புதினங்களை அவர் அவ்வாறு அறிவிக்கவும் இல்லை. எனினும் இருகாரணங்களால் அவற்றை இவ்வகைமையோடு பொருத்திப் பார்க்கலாம். முதலாவது, கதைமாந்தரின் வயது. ‘வாடிவாசல்’ புதினத்தில் தந்தையின் உயிரைப் பறித்த காரிக்காளையை அடக்க வரும் பிச்சி ஓர் இளைஞன். ‘ஜீவனாம்சம்’ புதினத்தின் சாவித்திரி, பிறந்தகத்துக்கும் புகுந்தகத்துக்கும் இடையே தன் கடமை எதுவென மனத்துள் ஆராயும் இளம் விதவை. ‘சுதந்திர தாகம்’ காந்தியுகத்து இளைஞர்களைப் பற்றியது. இரண்டாவது காரணம், நூலாசிரியர் நேரில் தேடிச்சென்ற வாசகர்களுள் கல்லூரி மாணவர்களும் இருந்தமை.

எழுத்து பிரசுரம்

1959 சனவரியில் செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பதும், கடைகளில் விற்பதில்லை என்பதும் அவர் வகுத்துக்கொண்ட வரையறைகள். 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. இதழோடு இணைந்து எழுத்து பிரசுரமும் இயங்கியது. ‘வாடிவாசல்’ 1959இல் நூலாயிற்று. இதழில் தொடராக வந்த ‘ஜீவனாம்சம்’ பின்னர் நூலாயிற்று.

விற்பனையாளரும் அவரே. நூல்களைப் பைகளில் நிரப்பிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, கல்லூரிகளில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சந்தித்து விற்றார். பதிப்பாளர் கைவிட்டதால் நேர்ந்த இறுதிப் புகலிடமாக மட்டும் இதனைக் கொள்ள இயலாது. கடையைத் தவிர்த்தவர் வாசகரிடம் நேரே செல்வது, அவர் தேர்ந்துகொண்ட நெறியின் இயல்பான விளைவாகும்.

ஓர் ஒப்பீடு

இந்நெறி தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2002இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வாழ்ந்த கிறிஸ்டோபர் பாவோலினி என்னும் இளைஞரின் ‘எரகன்’ புதினத்தை அவருடைய பெற்றோரே பதிப்பித்தனர். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்று அவர் அதனை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டே நாஃப் என்னும் பெரும்பதிப்பகம் அந்நூலை ஏற்று வெளியிட்டது. இருவரும் மாணவரை நேரில் நாடியவர்களே. ஆனால் பாவோலினிக்குச் சுயபதிப்பு ஏறிக் கடந்த ஒரு படி. செல்லப்பாவுக்கோ இறுதிவரை நீடித்த வாழ்முறை.

நெறியின் எல்லை

ஒருவரின் உடலுழைப்பை நம்பிய வழி, அவ்வுடல் தளரும்போது தானும் குறுகுகிறது. மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ 1997இல் வெளிவந்தபோது செல்லப்பாவின் அகவை 85. இளைஞரைப் பற்றிய அப்பெரும்புதினத்தை இளைஞரிடம் சுமந்து செல்லும் பருவம் கடந்துவிட்டது. மறு ஆண்டு அவர் மறைந்தார். 2001இல் அப்புதினத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘வாடிவாசல்’ நூலுக்கோ மறுபதிப்புகள் தொடர்ந்தன; 2023இல் பெருமாள்முருகனின் எழுத்தாக்கத்திலும் அப்புபென்னின் ஓவியங்களிலும் அது வரைகதை வடிவமும் பெற்றது. ஆசிரியரின் கால்நடையை வேறு கைகள் தொடர்ந்த இடத்தில் நூல் இளம் வாசகரிடம் நிலைபெற்றது.

முடிவுரை

வேண்டும்போது வேண்டிய படிகளை அச்சிடும் வசதியும் மின்னூலும் இன்று சுயபதிப்பின் செலவைக் குறைத்துள்ளன. அச்சகத் தடை நீங்கியது. வாசகரை அடையும் தடை நீங்கவில்லை. எனவே சுயபதிப்பை ஆராய்வோர் கதைப்பொருளோடு, நூல் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். தம் வட்டாரத்துச் சுயபதிப்பு நூல்களைக் கல்லூரி நூலகங்கள் திரட்டிப் பேணுதலும் வேண்டும். செல்லப்பா பையோடு வந்து நின்ற வாயில்கள் கல்லூரி வாயில்களே. இனி அப்பையைச் சுமக்கும் பொறுப்பு, வாயிலுக்கு உள்ளே இருக்கும் ஆசிரியர்க்கு உரியது.