கரிசல் நாயும் கவிழாத தொட்டியும்

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்க்க நாய்க்கு இரண்டு கிலோ அழுத்தம் போதும். வீட்டில் இருக்கும் கிண்ணம் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். வாய் 20 சென்டிமீட்டர், அடி 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாய் அடியைவிட அகலம் என்பதால் சுற்றிலும் 4 சென்டிமீட்டர் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிண்ணம் 300 கிராம், உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர். நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விளிம்பில் நாய் காலை வைத்தால் கிண்ணம் நெம்புகோலாகிவிடுகிறது. எடை ஒரு பக்கம் 6 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது, கால் மறுபக்கம் 4 சென்டிமீட்டர் தள்ளி அழுத்துகிறது. கணக்குப் போட்டால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். தண்ணீர் குறையக் குறைய அதுவும் வேண்டாம். வெறும் கிண்ணத்துக்கு அரைக் கிலோவே அதிகம்.

இருபது கிலோ நாய் நின்றுகொண்டிருக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அதாவது ஒரு முன்னங்காலில் ஆறு கிலோ. வேண்டியதைப்போல மூன்று மடங்கு. அது வேண்டுமென்றே தட்டிவிட வேண்டியதே இல்லை. எட்டிப் பார்க்கும்போது விளிம்பில் கால் பட்டாலே கதை முடிந்தது.

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே இருக்கிறது கடம்பூர். ரயிலில் போகிறவர்களுக்கு அது போளி வாங்குகிற ஸ்டேஷன். இறங்கி ஊருக்குள்ளும், அதைத் தாண்டிக் கரிசல் காட்டுப் பக்கமும் நடந்தால் களத்துமேட்டிலும் ஆட்டுக்கிடையிலும் ஒல்லியான, நீண்ட முகமுள்ள நாய்களைப் பார்க்கலாம். கோவில்பட்டிக்கு வடமேற்கே, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது சிப்பிப்பாறை. அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய இனமும், கறுப்பு உடம்பும் பழுப்புக் காலுமான கன்னி இனமும் இந்த வறண்ட பூமியில் உருவானவை. 2020 ஆகஸ்ட் மாதம் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு இவற்றுக்குக் கிராக்கி கூடியது. வாங்குகிறவர்களில் பலர் அவற்றை முற்றத்தில் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள். பிறகு வருகிற புகார் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “எத்தனை தடவை ஊத்தி வச்சாலும் தட்டிவிட்டுருது அண்ணாச்சி. கூடு செஞ்சு வச்சா அதையும் கடிச்சுப் பிச்சுப் போட்டுருது.”

கெட்ட நாய் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் அந்த நாய் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தவறு கிண்ணத்தின் வடிவத்தில் இருக்கிறது, இல்லையென்றால் வெயிலில் இருக்கிறது. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

முதலில் வெயில். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வேர்வை. மூச்சிரைப்புதான் அதன் குளிர்ச்சி ஏற்பாடு. நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் இரைக்கும். 1970-இல் உடலியல் அறிஞர் நூட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியே காற்றை இழுத்து வாய் வழியே விடுகிறது என்று அதில் காட்டினார்கள். ஈரமான மூக்குச் சவ்வின்மேல் காற்று ஓடும்போது தண்ணீர் ஆவியாகிறது, அந்த ஆவி சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் போகும். ஆக, குடித்த தண்ணீர்தான் நாயின் குளிர்ச்சி. சாதாரண நாளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 50 முதல் 60 மில்லி வரை தேவை, சித்திரை வெயிலில் அது இரண்டு மடங்கையும் தாண்டும். காலை பத்து மணிக்கு ஒரு லிட்டர் கவிழ்ந்துவிட்டால், சாயங்காலம் வேலை முடிந்து ஆள் திரும்புகிற வரை அந்த நாயிடம் எதுவும் இல்லை.

கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் இது இன்னும் முக்கியம். ஓடப் பிறந்த உடம்பு அது. இதே வேட்டை நாய் வகையைச் சேர்ந்த கிரேஹவுண்டுகளைப் பந்தயம் முடிந்த கையோடு அளந்தபோது உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது. ஓய்வில் இருக்கும் நாய்க்கு 38, 39 டிகிரிதான் இயல்பு. ஓடி வந்த நாய் தண்ணீரைக் கண்டதும் முன்னங்காலால் பறிப்பது, காலையும் வயிற்றையும் நனைத்துக்கொள்ளத்தான். வயிற்றில் ரோமம் குறைவு, தோலும் மெல்லியது; அங்கே ஈரம் பட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். நாம் அதைச் சேட்டை என்கிறோம்.

நாய் குடிக்கிற விதமும் சிந்துவதற்குத் தோதானதுதான். அருகே உட்கார்ந்து பாருங்கள். நாக்கு முன்னால் நீளாது, பின்பக்கமாக அகப்பைபோல மடங்கித் தண்ணீரில் படாரென்று விழும். அகப்பையில் மொண்டு குடிக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மொண்டதில் பெரும்பகுதி கீழே கொட்டிவிடுகிறது. அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சங்வான் ஜங் குழுவினர் நாய்கள் குடிப்பதைப் படம் பிடித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். நாக்கு மிக வேகமாக மேலே இழுபடும்போது அதன் பின்னாலேயே ஒரு தண்ணீர்த் தூண் எழுகிறது. அது உடைந்து விழுவதற்குள் நாய் வாயை மூடிக் கவ்விக்கொள்கிறது. குடிப்பது அந்தத் தூணைத்தான். பெரிய நாய்க்குப் பெரிய நாக்கு, பெரிய தெறிப்பு. ஆகவே கிண்ணம் அகலமாக இருக்க வேண்டும், விளிம்பு வரை நிரப்பக் கூடாது.

இனி தொட்டி. கடையில் விற்கிற சிமெண்ட் தொட்டியும் பழைய கல்தொட்டியும் கவிழாமல் இருப்பதற்கு எடை மட்டும் காரணமில்லை. விளிம்பு அடிக்கு வெளியே நீட்டாமல் இருப்பதுதான் பெரிய காரணம். அடிக்கு உள்ளேயே இருக்கும் விளிம்பை எவ்வளவு அழுத்தினாலும் தொட்டி தரையில் இன்னும் நன்றாக உட்காரும்.

இதை வீட்டிலேயே வார்க்கலாம். வாய் ஒன்றரை அடி அகலமுள்ள பிளாஸ்டிக் பேசின் ஒன்று, ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். உள்ளுக்கு வைக்க ஓர் அடி அகலமுள்ள சோற்றுக் கிண்ணம். இரண்டுக்கும் எண்ணெய் தடவிவிட்டு, கிண்ணத்தைப் பேசினின் அடியில் நடுவாகக் குப்புற வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கிண்ணத்தை நிமிர்த்தி மேலே அழுத்தி வார்த்தால் வெளியே சாய்ந்த விளிம்போடு அதே பழைய வடிவம்தான் கிடைக்கும். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, பொடி ஜல்லி மூன்று என்று கெட்டியாகக் குழைத்து, குப்புறக் கிடக்கும் கிண்ணத்தைச் சுற்றிலும் மேலேயும் நிரப்புங்கள். கிண்ணத்துக்கு மேல் மூன்று விரல் கனமாவது நிற்க வேண்டும். இறுகிய பிறகு திருப்பிப் போட்டால் பேசினின் அகன்ற வாய் தொட்டியின் அடியாகிவிடும். பக்கமெல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்; பல் கொடுக்கவோ நகம் மாட்டவோ இடமில்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ. அந்தக் கணக்கில் இந்தத் தொட்டி முப்பது கிலோவைத் தாண்டும், தண்ணீர் மூன்றரை லிட்டர் பிடிக்கும். ஒரு பக்கத்தைத் தூக்க வேண்டுமானால் அதன் எடையில் பாதியைத் தூக்க வேண்டும். இருபது கிலோ நாயால் அது ஆகாது.

ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் நனைத்து வையுங்கள். பிறகு இன்னொரு வாரம் தினமும் தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். அந்தக் காரத் தண்ணீர் நாயின் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

தொட்டி செய்ய நேரமில்லை, இருக்கிற சட்டியையே மண்ணில் பதித்துவிடுகிறேன் என்பவர்கள் கரிசலைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். செம்மண் பூமியில் பதித்த சட்டி அப்படியே இருக்கும். கரிசல் அப்படியல்ல. அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் தாது மழையில் நீரைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கை நுழைகிற வெடிப்பை எந்த மானாவாரிப் புஞ்சையிலும் பார்க்கலாம். ஐப்பசியில் இறுகப் பிடித்த சட்டி சித்திரையில் பல் ஆடுவதுபோல ஆடும், நாய் அதைப் பிடுங்கிவிடும். சங்கிலி கட்டுகிற முளைக்கும் இதே கதிதான். பதிப்பதானால் சட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாகக் குழி எடுத்து, கரிசலை வெளியே அள்ளிவிட்டு, சரளையும் மணலும் போட்டு இறுக்க வேண்டும். வாய் தரைக்கு மேலே நான்கு விரல் நிற்கட்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சேறு உள்ளே இறங்கும். மண்சட்டியானால் சுற்றியிருக்கும் மணலை நனைத்து வைப்பது நல்லது. உள்நாட்டு வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகி, சட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும். தூத்துக்குடிக் கடற்கரையின் ஈரக்காற்றில் இந்த அளவுக்குப் பலன் இருக்காது.

பழைய டயருக்கு நடுவில் கிண்ணத்தைச் செருகி வைக்கும் முறையை நான் ஆதரிக்க மாட்டேன். அது கவிழாது, உண்மை. ஆனால் டயரின் குழிவில் தேங்குகிற தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். கடிக்கிற நாய் ரப்பரை விழுங்கும், உள்ளே இருக்கும் கம்பி வாயைக் கிழிக்கும். எந்தத் தொட்டியானாலும் வாரம் இரண்டு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரை மாற்றினால் மட்டும் அது போகாது.

கூட்டுக்கு வருவோம். கட்டுவதற்கு முன் சூரியனைக் கவனிக்க வேண்டும். கடம்பூர் நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு வடக்கே நின்றே நண்பகலைக் கடக்கிறது. வைகாசி, ஆனி மாத மத்தியானத்தில் கம்பத்தின் நிழல் தெற்கே விழும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கலாம். குளிர்நாட்டு நாய்ப் புத்தகங்கள் சொல்லுகிற திசையை யோசிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குத் தெற்குப் பார்த்த வாசல்தான் சரி. கோடையில் வாசலில் நிழல் விழும், மார்கழியில் இளவெயில் உள்ளே வரும், ஐப்பசி கார்த்திகை வடகிழக்குச் சாரல் முதுகுப் பக்கம்தான் அடிக்கும். மேற்குப் பக்கம் அடைப்பு அவசியம். பக்கத்துக் கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையமே அமைக்கிற அளவுக்கு ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வீசுகிற பூமி இது. தகரக் கூடு அந்தக் காற்றில் பறக்கும், பறக்காத நாளில் அடுப்பாக எரியும்.

கடித்துக் குதறுகிற நாய்க்கு நான் சொல்லுகிற கூடு கிணற்று உறை. கழிவுநீர்த் தொட்டிக்கு இறக்குகிற அதே சிமெண்ட் வளையம்தான். மூன்றடி அகலம், ஓர் அடி உயரம், இரண்டு அங்குலக் கனமுள்ள உறை ஒன்று நூறு கிலோ இருக்கும். நான்கு உறைகளைப் படுக்கைவாட்டில் வரிசையாக, வடக்கு தெற்காக வைத்துச் சேர்த்துப் பூசினால் நான்கடி நீளக் குகை. அடியில் சரளை, உள்ளே மணல் பரப்பி மேலே ஒரு கடப்பைக் கல். வடக்கு வாயைச் செங்கல்லால், இடைவெளி விட்டு அடைத்தால் காற்று ஊடாடும். பக்கங்களில் மண் அணைத்து, மேலே பனை ஓலை இரண்டு அடுக்குப் போட்டுவிடுங்கள். மத்தியானச் சூடு ஓலையையும் மண்ணையும் கான்கிரீட்டையும் தாண்டி உள்ளே வர நேரம் ஆகும். அதற்குள் வெயில் தாழ்ந்துவிடும், நாயும் வெளியே வந்துவிடும். சாக்கு, தெர்மாகோல், பிளைவுட் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். விழுங்கிய சாக்கு நூல் குடலைச் சுருட்டி இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

குழி பறிக்கிற நாயைத் திட்டுவதிலும் அர்த்தமில்லை. மேல்மண் கொதிக்கிறபோது ஓர் அடி ஆழத்தில் பகல் சூடு ஏறக்குறைய எட்டுவதே இல்லை. நாய் அதைத் தேடித்தான் தோண்டுகிறது. வேப்ப மரத்தடியில் கட்டிலளவு இடத்தில் மணல் கொட்டிக் காலையில் நனைத்து விட்டால் சுவரோரத்தை அது தொடாது. நாலைந்து மாதக் குட்டி கண்டதையும் கடிப்பது 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கிற காலத்துத் தினவு. வளர்ந்த நாய் கடித்தால் அதற்கு ஓட்டம் போதவில்லை. முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது, அது சரியானதும்கூட. ஆனால் அந்தக் கால்களுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டியது வளர்ப்பவர் பொறுப்பு. விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஓடவிடுங்கள். நாயை எப்போதும் கட்டியே போட்டு ஓட விடாமல் இருப்பதும், போதிய தண்ணீரும் ஒதுங்க இடமும் தராமல் வைத்திருப்பதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் ஆகும். பங்குனி வெயிலுக்கு முன்னால் நாய்க்குத் தொட்டி தயாராக வேண்டுமானால் மாசி பிறந்ததும் வார்த்துவிடுங்கள். உறை வார்க்கும் இடங்களில் விளிம்பு உடைந்து கிணற்றுக்கு ஆகாத உறைகள் கிடக்கும். கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள்.