பயணங்களின் இயற்கணிதம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இருப்புப்பாதையைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னையினின்று நாகபுரி வரை ஒரு பயணம். நாகபுரியினின்று தில்லி வரை மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சென்னையினின்று தில்லிக்குச் செல்லும் ஒரே பயணம் ஆகின்றது. ஆனால் சென்னை–நாகபுரிப் பயணத்தோடு ஹௌரா–பாட்னாப் பயணத்தை இணைக்க இயலாது. ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்கினாலன்றி இணைப்பு இல்லை. சென்ற வழியே திரும்பி வரலாம்; சென்று மீளுதல் இருந்த இடத்திலேயே இருத்தலுக்குச் சமம். பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் இதனை ஒப்பார், கணிதம் ஒப்பும்.

இந்த எளிய அமைப்பையே கணித நூலோர் குரூப்பாய்டு என்பர். எந்த இரண்டு உறுப்புகளையும் தடையின்றி இணைக்க இடந்தரும் அமைப்புக்குக் குலம் என்னும் பெயர் நம் பாடநூல்களில் வழங்குதலின், இதனைக் குலப்போலி எனலாம். 1926-ஆம் ஆண்டில் ஹைன்ரிக் பிராண்ட் என்னும் ஜெர்மானியர் இதனை வகுத்துரைத்தார்.

இனி, ஒவ்வொரு பயணத்திற்கும் ஓர் எண்ணை எழுதி ஓர் அட்டவணை அமைப்போம். அவ்வாறே மற்றோர் அட்டவணையும் அமைப்போம். இவ்விரண்டையும் பெருக்குவது எங்ஙனம்? சென்னை–தில்லிக் கட்டத்தை நிரப்புவதற்கு, இடையில் இறங்கத்தக்க ஊர் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, பயணத்தின் முற்பகுதிக்கு முதல் அட்டவணையின் எண்ணையும், பிற்பகுதிக்கு இரண்டாம் அட்டவணையின் எண்ணையும் பெருக்கி, வந்தவற்றையெல்லாம் கூட்ட வேண்டும். அட்டவணைகளை முன்பின்னாக மாற்றினால் விடையும் மாறும். கல்லூரியில் கணிதம் பயின்றோர் இஃது அணிப்பெருக்கலே என உடனே கண்டுகொள்வர். 1925-ஆம் ஆண்டில் ஹைசன்பர்க், அணு ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குத் தாவுங்கால் எழும் ஒளியை ஆராய்ந்தபோது இவ்வகைப் பெருக்கலையே கண்டார். அஃது அணிப்பெருக்கல் என்பதை உணர்ந்து கூறியவர் மாக்ஸ் பார்ன். ஊர்கள் எண்ணிறந்தனவாயின் எல்லை காணும் முறையும் வேண்டும். அப்பொழுது எழுவதே செயலிகளின் இயற்கணிதம். சி-ஸ்டார் இயற்கணிதம் எனப்படும் அதனைக் குலப்போலியினின்று கட்டும் முறையை ழான் ரெனோ 1980-ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

இவ்வியற்கணிதத்தில் எண்ணத்தக்கது யாது? தன்னைத் தானே பெருக்கினும் மாறாத உறுப்புகளை எடுத்து, அவற்றை வகைப்படுத்தி, அவ்வகைகளைக் கணக்கிடுவதே கே-கோட்பாடு. கே என்பது வகுப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. குரோதெண்டீக் இட்ட பெயர். மூன்று ஊர்கள் உள்ளன, இடையே பாதையே இல்லை எனில், விடையைக் கூற மூன்று முழு எண்கள் வேண்டும். மூன்றும் பாதையால் இணைந்தனவாயின் ஒரே முழு எண் போதும். ஓர் ஊர் மட்டும் இருப்பினும் விடை அதுவே. இக்கணக்கு ஊர்களை எண்ணுவதில்லை. ஒன்றையொன்று சென்றடையத்தக்க கூட்டங்களையே எண்ணுகின்றது.

இவ்வளவிற்கு இத்துணைப் பெரிய கருவி வேண்டுமோ எனில், வேண்டா. வேறு எவ்வாற்றானும் எண்ண இயலாத இடத்திலேதான் அதன் ஆற்றல் புலனாகின்றது. ரோஜர் பென்ரோஸ் 1974-ஆம் ஆண்டில் கண்ட தளவரிசை அத்தகையது. பட்டம் போன்றதும் அம்பு முனை போன்றதுமாகிய இரண்டே ஓடுகள். அவற்றைச் சில விதிகளின்படி பதித்துக்கொண்டே சென்றால், தளம் முழுதும் நிரம்பும். ஆயினும் கோலம் சீராகத் திரும்ப வருவதில்லை. அவ்வாறு பதிக்கும் முறைகளும் கணக்கில் அடங்கா. எனினும் ஒரு தளவரிசையில் காணும் எந்தச் சிறு பகுதியும் மற்றெல்லாவற்றிலும் உண்டு. ஒருவர் எத்தனை காவதம் நடந்து பார்த்தாலும், தாம் நிற்பது எத்தளவரிசை என்று சொல்ல இயலாது.

ஆயின், ஒவ்வொரு தளவரிசையையும் சுழியும் ஒன்றும் கொண்ட முடிவிலாத் தொடராக எழுதலாம். இரண்டு ஒன்றுகள் அடுத்தடுத்து வாரா. தொடக்கத்தில் வேறுபட்டுப் பின்னர் முற்றும் ஒத்துச் செல்லும் தொடர்கள் ஒரே தளவரிசையைக் குறிப்பன. ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்வதைப் பயணமாகக் கொண்டு இயற்கணிதம் அமைத்தால், அது 1, 2, 3, 5, 8, 13 என வளரும் அளவுடைய அணிகளால் படிப்படியாகக் கட்டப்படுகின்றது. (குறில் நெடில் மாத்திரைக் கணக்கில் இவ்வெண்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கூறிய ஏமச்சந்திரர் கூர்ஜர நாட்டினர் என்பதை ஆமதாபாத்து நேயர்கள் நினைவிற்கொள்க.) கே-கோட்பாடு தரும் விடை, முழு எண்களின் இணைகள். ஓர் இணை நேரானதா என அறிய, முதல் எண்ணை 1.618 எனத் தொடங்கும் பொன் விகிதத்தால் பெருக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தளத்தில் பட்டங்களுக்கும் அம்புகளுக்கும் உள்ள விகிதமும் அதுவே! கண்ணுக்கு ஒன்றும் வேறுபடுத்திக் காட்டாத இடத்தில் இயற்கணிதம் இதனைக் காட்டுகின்றது.

இது வெறும் விளையாட்டன்று. 1982-ஆம் ஆண்டில் டான் ஷெக்ட்மன் அலுமினிய–மாங்கனீசுக் கலவையில் திரும்ப வாராத ஒழுங்குடைய அணு அடுக்கைக் கண்டார். 2011-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய அடுக்கில் மின்னணு பெறவொண்ணாத ஆற்றல் இடைவெளிகளுக்குக் கே-கோட்பாட்டு எண்களையே பெயர்ச்சீட்டாக இடலாம் என ழான் பெல்லிசார் காட்டினார்.

எனினும் இவ்விடைகளைக் கணிப்பது அரிது. 1982-ஆம் ஆண்டில் பால் பாமும் அலேன் கோனும் ஒரு துணிபை வெளியிட்டனர்: வடிவியல் வழியே கணிக்கத்தக்க ஒன்றும், இயற்கணிதத்தின் கே-கணக்கும் ஒன்றேயாகும் என்பது அது. பல இனங்களில் அது மெய்யெனக் காட்டப்பட்டது. ஆனால் 2002-இல் ஹிக்சன், லாஃபோர்க், ஸ்கந்தாலிஸ் ஆகிய மூவர், இரு பக்கங்களும் ஒத்துவாராத குலப்போலிகள் உண்டு என நிறுவினர். குலங்களுக்கே உரிய மூலத் துணிபை முற்றும் மெய்ப்பித்தவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை.