காவல் ரிலேயின் பலவீனம்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் செல்லும் 132 கிலோவோல்ட் மின்மார்க்கம் போன்றவற்றில் மின்னல் தாக்கினால், கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்வது பாதுகாப்பு ரிலே. முன்பு அது சுருளும் காந்தமும் கொண்ட தனித்த பொறி. இன்று உலகெங்கும் பொருத்தப்படும் ரிலே, வலையமைப்பில் இணைந்த சிறு கணினி. அதன் பழைய தொடர்பு முறைகள் பல, கட்டளை இடுபவர் யாரென்று கேட்பதேயில்லை.

2016 டிசம்பர் 17 நள்ளிரவுக்குச் சற்று முன், உக்ரேனின் கீவ் நகரில் ஒரு பகுதி இருண்டது. 'இன்டஸ்ட்ரோயர்' என்ற நச்சு நிரல் துணை மின்நிலையத்தின் சுவிட்சுகளைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. சீமென்ஸ் நிறுவனத்தின் சிப்ரொடெக் ரிலேக்களை முடக்கும் பகுதியும் அதில் இருந்தது. மின்சாரம் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பியது. ஆனால் ரிலே முடங்கிக் கிடக்கையில் ஊழியர் மின்சாரத்தை மீண்டும் கொடுத்தால் கருவிகள் எரியலாம், உயிரும் போகலாம். இருளைவிட அஞ்சவேண்டியது இதுவே. ரிலேயை முடக்க வழிவிட்ட மென்பொருள் குறைக்கான திருத்தம் 2015இலேயே வெளிவந்திருந்தது. ஓடும் மின்நிலையத்தை நிறுத்திப் புதுப்பிப்பது எளிதல்ல என்பதால், பழைய மென்பொருள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பது வழக்கம்.

பாதுகாப்புக் கருவியே குறிவைக்கப்படுவது மின்துறையில் மட்டுமல்ல. 2017இல் சவூதி அரேபியாவின் பெற்றோலிய இரசாயன ஆலையொன்றில், 'ட்ரைட்டன்' என்ற நிரல் அவசர நிறுத்தக் கருவிக்குள்ளேயே புகுந்தது. அக்கருவியின் நிரலில் மாற்றங்களைத் தடுக்கும் சாவி, மாற்றத்தை அனுமதிக்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது.