கழுவிய வண்டியிற் காணும் வெண்புள்ளிகள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையூர்களிலே வெள்ளிக்கிழமைக் காலை மனிதருக்கு மட்டுமன்றி மோட்டார் வண்டிகளுக்கும் குளிப்பு நாளாகும். ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் வண்டியைக் கிணற்றடியில் நிறுத்தி, சவர்க்கார நுரை பொங்கத் தேய்த்து, வாளி வாளியாக நீரை வார்த்து, "இனிக் காற்றிலே காயட்டும்" என்று விட்டுவிட்டு உடைமாற்ற உள்ளே செல்வர். திரும்பி வந்து பார்த்தாலோ, கறுப்பு வண்டியின் முதுகிலே அம்மைத் தழும்புபோல நூற்றுக்கணக்கான வெண்புள்ளிகள்! சவர்க்காரம் போலியென்பார் ஒருவர். நிறப்பூச்சு மட்டமென்பார் மற்றொருவர். பிழை இரண்டிலும் இல்லை. வண்டியைத் தானாகக் காய விட்டார்களே, அங்கேதான் பிழை நேர்ந்தது.

இதனை அற்ப விடயமென்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டும் இருந்த வண்டிகளையே பேணி ஓட்டினோம். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரு வண்டியிலே முடங்கிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ உள. அவ்வண்டியை விற்கும் நாள் வந்தால், வாங்குபவர் எஞ்சினைக் கேட்பதற்கு முன்னே கையாலே தடவிப் பார்ப்பது மேற்பூச்சைத்தான்.

புள்ளி என்பது யாது? கிணற்று நீர் வெறும் நீரன்று. மண்ணிற் கரைந்த உப்புகளும் சுண்ணாம்பும் அதனுள் மறைந்திருக்கின்றன. நீர் ஆவியாகிப் போகும், கரைந்திருந்தவை போகா. குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் (எஸ். எல். எஸ். 614) ஒரு லீற்றர் நீரிற் கரைந்த பொருள் 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது. அந்த எல்லையிலுள்ள நீரையே எடுத்துக்கொள்வோம். கழுவி முடித்த வண்டியின்மேல் ஒரு கோப்பை, அதாவது கால் லீற்றர், நீர் தங்கி நின்றதாயின், அது காய்ந்தபின் 125 மில்லிகிராம் வெண்பொடி எஞ்சும். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால், இப்பொடி ஐயாயிரம் துளிகளிலே பங்கிடப்பட்டு ஐயாயிரம் புள்ளிகளாய்க் கிடக்கும். கடற்கரையோரத்துச் சவர்க் கிணறுகளிலோ கரைந்த பொருள் அந்த எல்லையைத் தாண்டி நிற்பதும் உண்டு.

நம்முடைய கரையில் இது மிகுவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே ஒடுங்கிய மணற்றரை. மணலிலே நொறுங்கிய சிப்பியும் சங்கும் கலந்துள்ளன. மழைநீர் மண்ணூடே இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையானதோர் அமிலமாகிறது. அவ்வமிலம் சிப்பியின் சுண்ணாம்பைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக்குகின்றது. இவ்வாறு வன்மை பெற்ற நீரிலே சவர்க்காரக் கட்டி எளிதில் நுரைக்காது. நுரைப்பதற்கு முன் திரிதிரியாய் அழுக்குப்போலத் திரளும். நீர் காயும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரையாத கல்சியம் காபனேற்று படிந்துவிடும். அடுப்பங்கரையிலே கேத்தலின் அடியிற் கட்டும் வெண்படையும் இதுவே. கேத்தலிற் படிந்தால் உம்மா கவலைப்படுகிறார், காரிற் படிந்தால் வாப்பா கவலைப்படுகிறார், பொருள் ஒன்றுதான்.

புள்ளி பெரும்பாலும் வளையமாக அமைவதைக் கண்டிருப்பீர்கள். நடுவே மெல்லியதாயும் ஓரத்திலே தடித்ததாயும் இருக்கும். இதன் காரணத்தை 1997ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் விளக்கினர்; அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் மேசையிற் சிந்திய கோப்பித் துளி! துளியின் விளிம்பு ஒட்டிக்கொண்டு நகராது நிற்க, விளிம்பிலே நீர் விரைந்து ஆவியாகின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகின்றது. ஓடும் நீர் தன்னுள் இருப்பதையும் இழுத்துச் செல்கின்றது. ஆகவே சரக்கெல்லாம் எல்லையிலே குவிகின்றது.

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணத்தையும் அகற்றிவிடுவது நன்று. நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்துப் பூச்சைச் சுட்டுவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். மென்மையான பரப்பிலே தட்டையாய் அமர்ந்திருக்கும் துளி ஒளியைக் குவிக்கும் இடம் அப்பரப்புக்கு வெகு கீழே அமையும். 2010இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் இலைகளின்மேல் நீர்த்துளி இட்டுப் பார்த்தபோது, மயிரற்ற மென்மையான இலைகளிலே சூட்டுத் தழும்பு எதுவும் காணவில்லை. வெயில் செய்யும் தீங்கு வேறு. துளியை விரைவிற் காய வைத்து, துடைப்பதற்கு நமக்கு நேரம் தராமற் செய்கின்றது.

காய வைப்பதிலே வெயிலுக்குத் துணைவன் கச்சான் காற்று. மலைநாட்டிலே மழையை இறக்கிவிட்டு, வெப்பமும் வரட்சியுமாய்க் கிழக்கே இறங்கிவரும் இக்காற்று ஆனி ஆடியிலே வீசும்போது, கயிற்றிலிட்ட சாரன் கண்மூடித் திறப்பதற்குள் உலர்ந்துவிடும். அத்தகைய நாளில் நண்பகலில் வண்டி கழுவுவது வெண்புள்ளியை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன், அல்லது அஸருக்குப் பின் நிழல் நீண்டபொழுது, மரத்தடியிலே கழுவுக. 'பொனற்' எனப்படும் முன்மூடியிலே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடுமாயின் இன்னும் காத்திருங்கள்.

கழுவும் முறையிலே நுணுக்கம் அதிகமில்லை. முதலில் வெறும் நீரால் மணலைக் கழுவி வீழ்த்திவிட வேண்டும். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். பின் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, பகுதி பகுதியாக. கதவு ஒன்றைத் தேய்த்தால் அதனை உடனே அலசுக. அலசும்வரை அடுத்த கதவுக்குப் போகாதீர்கள். நுரை காய்ந்தாலும் கறையே. வன்னீரிலே சவர்க்காரக் கட்டி திரளுமாதலால் வாகனத்துக்கென விற்கும் திரவமே நல்லது.

கடைசி அலசலே முக்கியமானது. இறப்பர்க் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீச்சியடித்தால் ஆயிரம் துளிகள் தெறித்து ஒட்டும். அடைக்காமல், குழாய் வாயைப் பரப்புக்கு அருகே பிடித்து நீரை மெல்ல ஒழுக விட்டால், அது விரித்த துணிபோல ஒரே படலமாய் வழிந்து, பின்னாலே சொற்பத் துளிகளையே விட்டுச் செல்லும். இந்தக் கடைசி நீர் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. வண்டி முழுவதையும் கிணற்று நீராற் கழுவினும், இறுதியில் ஒரு வாளி மழைநீராலோ, அம்பாறைப் பக்கமிருந்து வரும் குழாய்நீராலோ அலசிவிடுங்கள். மாரிக் காலத்தில் ஓட்டிலே முதல் மழை கழுவிப் போனபின் பிடித்துவைத்த நீர் இதற்கு மிகச் சிறந்தது.

அடுத்து, துடைத்தல். நுண்ணிழைத் துணியென்று கடைகளிலே விற்பது நன்றாய் உறிஞ்சும். அது கிடைக்காதவர் வருந்த வேண்டியதில்லை. மருதமுனைத் தறியில் நெய்த பழைய பருத்திச் சாரன் ஒன்று வீட்டில் இல்லாமலா போகும்? பலமுறை வெளுத்துக் கஞ்சிப்பசை முற்றும் நீங்கிய சாரன் நீரை ஆவலோடு குடிக்கும். புதுச்சாரன் குடியாது, நீரைத் தள்ளிக்கொண்டே போகும். தடித்த மூட்டுத் தையல் கீறாதபடி உட்புறமாய் மடித்துக்கொள்க. அழுத்தித் தேய்க்காமல், விரித்துப் பரப்பி மெல்ல இழுப்பதே முறை. கூரை, முன்மூடி, கண்ணாடிகள் ஆகிய தட்டையான இடங்களை முதலில் முடியுங்கள். பக்கங்களிலே நீர் தானே வழியும். பின்னர்க் கதவுகளைத் திறந்து மூடி, பக்கக் கண்ணாடியினுள்ளும் கைபிடிக் குழியினுள்ளும் ஒளிந்திருக்கும் நீரை வெளிப்படுத்தித் துடைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததென்று வண்டியை எடுத்தபின் கதவோரம் வழிந்து கோடிடுவது அந்த ஒளிந்த நீர்தான்.

மெழுகு பூசினால் புள்ளி வராது என்று சொல்லி விற்பனை செய்கிறார்கள். முழு உண்மையன்று. மெழுகிட்ட பரப்பிலே நீர் முத்துமுத்தாய்த் திரளும். சரிவான கதவிலிருந்து அம்முத்துக்கள் உருண்டோடும். தட்டையான கூரையிலோ அங்கேயே நின்று காய்ந்து, தெளிவான வளையத்தை இடும். மெழுகின் உண்மையான பயன் வேறு: படிவு பூச்சை நேரே பற்றாதவாறு இடையே நிற்கின்றது, ஆதலாற் பின்னர் அகற்றுவது எளிதாகும்.

நீரின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஓடும் ஆற்றங்கரையிலே வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென்று கேட்டு வளர்ந்த நாம், குழாயைத் திறந்து போட்டு வண்டி கழுவுகிறோம்! நிமிடத்துக்கு 12 லீற்றர் விடும் குழாய் கால்மணி நேரம் ஓடினால் 180 லீற்றர் போய்விடும். பத்து லீற்றர் வாளி நான்கைந்து கொண்டு அதே வேலையை முடிக்கலாம். இக்கரையிலே நன்னீர் என்பது கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படையேயாகும். கடல்நீர் சற்றுக் கனமானதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்குமென்பது கைபன் என்னும் ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மனியரும் கண்ட கணக்கு. கணக்கைத் திருப்பிப் படித்தால் அச்சம் தோன்றும்: மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலும், கீழிருந்து உப்பு பன்மடங்கு எழும்ப இடமுண்டு. 2004 டிசம்பர் 26இற் சுனாமி வந்து கரையோரக் கிணறுகள் உப்பேறிய பின், அவற்றை மிகுதியாய் இறைத்த இடங்களிலே நேர்ந்ததும் இதுதான். பெரும்பாலும் வடகீழ்ப் பருவ மழையே அவ்வுப்பைக் கழுவித் தந்தது. ஆகவே அளவுக்கு மிஞ்சி இறைத்து வண்டி கழுவுவோர், அடுத்த வாரத்துப் புள்ளிக்கு இன்றே உப்புச் சேர்க்கின்றனர். அடுத்த வீட்டுக்காரரின் தேநீரிலும் சேர்க்கின்றனர்.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடித் துண்டொன்றிலே கிணற்று நீர், குழாய்நீர், மழைநீர் மூன்றிலும் ஒவ்வொரு துளி இட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் கறுப்புத் துணியின்மேல் வைத்து நோக்கினால் மூன்றின் தராதரமும் விளங்கும். பின்பு கிணற்றுப் புள்ளியை ஈரவிரலாலே தொட்டால் உப்புப் பகுதி கரைந்து போகும், சுண்ணாம்பு போகாது. அதன்மேல் ஒரு சொட்டு வினாகிரி விட்டால் அதுவும் கரையும். படிவு தடித்ததாயின் நுண்ணிய குமிழிகளும் எழும்.

ஏற்கெனவே புள்ளி விழுந்த வண்டிக்கும் இச்சோதனையே வழி காட்டுகின்றது. புதிதாய் விழுந்ததாயின் நல்ல நீரால் மீண்டும் கழுவித் துடைத்தாற் போதும். அதற்கு மசியாவிடின், வினாகிரியையும் நீரையும் சம அளவிற் கலந்து, துணியில் நனைத்து, நிழலிலே ஓரிரு நிமிடம் புள்ளியின்மேல் ஒற்றி வைத்து, உடனே நிறைய நீரால் அலசி உலர்த்துக. எல்லா இடத்திலும் ஒரே முறையிற் செய்யாது, கண்ணுக்குத் தெரியாத மூலையொன்றில் முதலிற் பார்த்துக்கொள்வது புத்தி. "காக்கா, கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாப் பளபளக்கும்" என்று யாரேனும் சொல்வார், கேளாதீர்கள். பளபளப்பு ஒரு நாளைக்கு. எண்ணெய்ப்பசையில் ஒட்டும் தூசியும், கெட்டுப்போகும் இறப்பரும் பல நாளைக்கு. சாம்பல், செங்கற்றூள் என்பவற்றைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

வினாகிரிக்கும் மசியாமல், நகத்தாற் தடவினால் பள்ளம் தட்டுப்படுமாயின், படிவு நாட்பட வெயிலிற் கிடந்து மேற்பூச்சையே அரித்துவிட்டது என்று அறிக. அதனை மெருகிட்டுத்தான் தேய்த்து எடுக்க வேண்டும். அம்மேற்பூச்சு ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைவானது. ஒவ்வொரு மெருகிடலும் அதிற் சிறிதைக் கொண்டு போகும். எனவே அவ்வேலையை அறிந்தவர் கையில் ஒப்படைப்பதே நலம்.

கடற்கரை வீதியோரம் இரவிலே வண்டி நிறுத்துவோருக்கு இன்னொன்று. அலைத்தூவல் காற்றிலே கொண்டுவரும் உப்பு மேலே படிய, விடியற் பனி அதைக் கரைத்து, வெயில் ஏறியதும் கழுவாத வண்டியிலும் புள்ளியிடும். காலையிலே வண்டியை எடுக்குமுன், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த அந்தப் பழைய சாரனால் கூரையையும் முன்மூடியையும் ஒருமுறை ஒற்றியெடுத்து, உலர்ந்த முனையால் துடைத்துவிட்டாற் போதும். ஐந்து நிமிட வேலை.