தொட்டுப் பார்த்தால் தெரியும் காய்ச்சல்

கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கினால் நம் காலனிகளில் காய்ச்சல் பேச்சும் தொடங்கிவிடுகிறது. ஒரு தெருவில் நான்கைந்து பேர் படுத்துவிட்டால் மறுநாள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்தி வரும். கொசுப் புகை அடிப்பார்கள். நிலவேம்புக் குடிநீர் ஊற்றுவார்கள். பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். காய்ச்சல் மட்டும் கிளம்பாது.

அந்த மர்மங்களில் ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். அதற்குச் சில ரூபாயில் கிடைக்கும் மாத்திரையும் இருக்கிறது. ஆனாலும் நம் மக்கள் மூச்சுத்திணறலோடும் மஞ்சள் பூத்த கண்ணோடும் 108 வண்டியில் ஏற்றப்படுகிறார்கள். ஏன் என்பதுதான் இந்த வாரம் நாம் பேச வேண்டியது.

புதரிலிருந்து வரும் நோய்

உண்ணி என்றதும் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய உண்ணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு வகைப் பொடி உண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. கடித்தால் வலிக்காது. எலிகளின் உடம்பில் ஒட்டி வாழ்வது, புதருக்குள் கை விடுகிற மனிதர் மீதும் ஏறிக்கொள்கிறது. அதன் வழியாக உடம்புக்குள் புகும் பாக்டீரியாதான் காய்ச்சலைத் தருகிறது. கடித்து ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம்கூடக் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் எந்தப் புதரில் கை வைத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி. முதல் சில நாட்களில் மற்றக் காய்ச்சல்களிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். விட்டுவிட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். சிகிச்சையே கிடைக்காவிட்டால் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர் இறக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லப்படும் கணக்கு.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மா, அசாம் காடுகளில் படைவீரர்களைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்த நோய் இது. அப்போது உலகமே அதைப் பற்றிப் பேசியது. போர் முடிந்தது, புதிய மருந்துகள் வந்தன, நோய் பேச்சிலிருந்து மறைந்தது. பல மருத்துவர்கள் இதைப் பாடப்புத்தகத்தில் படித்த ‘அரிய நோய்’ என்றே நினைத்துவந்தார்கள். ஆனால் நம் வட மாவட்டங்களில் இது அரிய நோய் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் இணைந்து 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடு வீடாகத் தொடர்ந்து கவனித்தார்கள். காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 300க்கும் மேற்பட்டவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் இருந்தது. சிலர் இறந்தும் போனார்கள். 2024 இறுதியில் மாநிலப் பொது சுகாதாரத் துறையே வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் இந்நோய் கூடிவருவதாக எச்சரித்தது.

தேடியபோது கிடைத்திருக்கிறது. அரிது என்று ஒதுக்கியதால்தான் தேடாமல் இருந்தோம்.

யார் புதருக்குள் கை விடுகிறார்கள்?

உண்ணி சாதி பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் புதருக்குள் போகும் வேலை யாருடையது என்பதைச் சாதிதான் முடிவு செய்திருக்கிறது. வரப்பில் புல் அறுப்பது, களை எடுப்பது, கரும்பு வெட்டுவது, வேலிக்காத்தான் வெட்டி விறகு கட்டுவது, ஆடு மேய்ப்பது, நூறு நாள் வேலையில் ஏரிக்கரையையும் வாய்க்காலையும் சுத்தம் செய்வது. இந்தப் பட்டியலில் உள்ள வேலைகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள், அதிலும் பெண்கள்.

வேலை முடிந்து திரும்பும் இடமும் புதர்தான். ஊர்த்தெரு நடுவில் இருக்க, காலனி ஏரிக்கரையை ஒட்டியோ ஓடைப் புறம்போக்கிலோ இருக்கும். ஊர்க்குப்பை கொட்டும் இடம் காலனிக்கு எதிரே இருக்கும். குப்பை இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் உண்ணி. கழிப்பறை கட்டியும் தண்ணீர் வராத தெருக்களில் பெண்கள் இருட்டில் ஒதுங்குவதும் அதே புதரில்தான்.

பீடிச் சூடு போல ஒரு கருப்புப் பொருக்கு

இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. உண்ணி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் வரும். பிறகு அது கருத்துப் பொருக்குத் தட்டும். பீடியால் சுட்டது போல நடுவில் கருப்பு, சுற்றிச் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் வருவதில்லை, நம் பகுதி நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆனால் இருந்துவிட்டால், எந்த இயந்திரமும் இல்லாமல், கண்ணால் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

எங்கே பார்ப்பது என்பதுதான் கேள்வி. பொருக்கு இருந்த 400க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து வேலூர் மருத்துவர்கள் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்புப் பகுதிகளில் இருந்தது. பெண்களுக்கு அதிகமும் நெஞ்சிலும் வயிற்றிலும், மார்பகத்தின் அடியிலும் இருந்தது. துணி இறுகி நிற்கும், வியர்வை தங்கும் இடங்கள். அதாவது துணியை விலக்கிப் பார்க்காமல் தெரியாத இடங்கள்.

“யாரும் கிட்ட வந்து பாக்கல”

நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்யும் ஓர் அக்கா. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மார்கழியில் ஏரிக்கரையில் புல் அறுத்தவர். காய்ச்சல் வந்த முதல் நாள் மெடிக்கலில் மாத்திரை. மூன்றாம் நாள் தனியார் கிளினிக்கில் இரண்டு ஊசி. ஐந்தாம் நாள் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார். டெங்கு இல்லை என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஏழாம் நாள் கண் மஞ்சளித்தது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடை மாற்றிவிட்ட செவிலியர்தான் இடது மார்பகத்தின் அடியில் அந்தக் கருப்புப் பொருக்கைப் பார்த்தார். அன்று மாலையே உரிய மருந்து ஏறத் தொடங்கியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பருவத்துக் கூலி முழுவதும் வட்டிக்குப் போனது.

தேறி வீடு திரும்பியபின் பார்க்கப் போனபோது அவர் நம்மிடம் சொன்னது இது: “ஊசி போட்டாங்க, மாத்திர குடுத்தாங்க, சீட்டு எழுதினாங்க. யாரும் கிட்ட வந்து பாக்கல தம்பி.”

ஒன்பது நாளில் மூன்று இடங்கள். ஒருவர்கூட அவரைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. எட்ட ஒரு ஸ்டூல், எங்கே வலிக்குது என்று ஒரு கேள்வி, சீட்டு. அவ்வளவுதான்.

எல்லா மருத்துவர்களும் சாதி பார்த்துத்தான் தொடாமல் விடுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரே மருத்துவர் காலைக்குள் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டிய நிலை இருக்கிறது. பெண்ணைச் சோதிக்க ஒரு மறைப்புத் திரை இல்லாத, துணைக்குப் பெண் செவிலியர் இல்லாத இடங்கள் இருக்கின்றன. பொறுமையாகப் பார்க்கும் மருத்துவர்களையும் நமக்குத் தெரியும். ஆனால் சாதியே இல்லை என்றும் நம்மால் சொல்ல முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-ல் நூலாக வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. வேர்வையும் சேறுமாக வந்து நிற்கும் கூலிப் பெண்ணிடம் முகம் சுளிப்பது, நாடி பிடிக்கவும் தயங்குவது, ‘குளிச்சிட்டு வரமாட்டியா’ என்று கேட்பது ஆகியவற்றை நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மருத்துவமனையில் பார்த்திருக்கிறோம்.

மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நுழையவிடாமல் தடுத்தால், 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி அது குற்றம். உள்ளே விட்டு, உட்கார வைத்து, தொடாமலே அனுப்பினால்? அதற்கு வழக்கு இல்லை. சாட்சியும் இல்லை. உண்ணிக் காய்ச்சல் விஷயத்தில் அந்தத் தொடாமைக்கு விலை உயிர்.

ஊசி போட்டும் ஏன் நிற்கவில்லை?

நம் மக்களுக்கு ஊசியில் ஒரு நம்பிக்கை. கிளினிக்குகளும் அதையே போடுகின்றன. ஆனால் இந்தப் பாக்டீரியா நம் உயிரணுக்களுக்கு உள்ளே ஒளிந்து வாழ்வது. பென்சிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் இதை அசைக்காது. விலை உயர்ந்த ஊசி என்பதால் பயன் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மலிவு மாத்திரைதான் இதற்கு மருந்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

முற்றிப்போனவர்களுக்கும் வழி கண்டிருக்கிறார்கள். வேலூர் மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் தீவிர நோயாளிகள் சுமார் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று அது காட்டியது. உலகத்துக்கே வழிகாட்டிய அறிவு நம் மண்ணில் உருவாகியிருக்கிறது. அது பக்கத்துக் காலனிக்கு வந்து சேர வேண்டாமா?

இரத்தப் பரிசோதனை பற்றியும் ஒன்று. ஐஜிஎம் எலைசா என்ற சோதனை முதல் சில நாட்களில் ‘இல்லை’ என்று காட்டிவிடலாம். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை பலரைத் தவறவிடும். எனவே சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மாத்திரையைத் தொடங்குவதே நடைமுறை. சந்தேகம் வர வேண்டுமானால் இரண்டு வேலை நடக்க வேண்டும்: என்ன வேலைக்குப் போனாய் என்று கேட்க வேண்டும், உடம்பைப் பார்க்க வேண்டும்.

நாம் கேட்பது

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காய்ச்சல் நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்க ஒரு கட்டில், ஒரு மறைப்புத் திரை, உடன் ஒரு பெண் செவிலியர். புறநோயாளி சீட்டில் ‘என்ன வேலை’, ‘உடம்பில் பொருக்கு பார்க்கப்பட்டதா’ என்று இரண்டு கட்டங்கள். ஐப்பசி முதல் மாசி வரை டாக்ஸிசைக்ளின் இருப்புக் குறையாமல் பார்த்துக்கொள்வது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களுக்கு இந்தக் காய்ச்சலைப் பற்றியும் பயிற்சி. நூறு நாள் வேலையில் புதர் அகற்றுவோருக்குக் கையுறையும் முழங்கால்வரை காலணியும். காலனியை ஒட்டிய குப்பைமேட்டை அகற்றுவது.

நம் தெருக்களில் நாமே செய்ய வேண்டியதும் உண்டு. புதர் வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, வேலைத் துணியைத் தனியே துவைத்துவிட வேண்டும். பறித்த புல்கட்டின் மேல் உட்காருவதையும், கழற்றிய துணியைப் புதரில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் கண்டால் வீட்டில் ஒருவர் மற்றவருக்கு அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, முதுகு என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். கருப்புப் பொருக்கு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டாலும் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் முன்னால் போய் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லி நிற்க வேண்டாம். “புல் அறுக்கிற வேலைக்குப் போனேன் டாக்டர், உண்ணிக் காய்ச்சலா இருக்குமா, உடம்பைப் பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். கூச்சம் இருந்தால் பெண் செவிலியரை உடன் கேளுங்கள். தொட்டுப் பார்க்கச் சொல்வது சலுகை கேட்பது அல்ல. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் உள்ள உரிமை; நமக்கும் உள்ளது.