லோரி அப்சோர்பர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

பட்டறைக்கு வரும் லோரிக்காரர்களும் பிக்-அப் வைத்திருப்பவர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, கம்பெனியில் வந்த அப்சோர்பர் எத்தனை வருஷம் தாங்கும்?" என்பார்கள். வருஷத்தைவிட ஓடிய தூரம், ஓடிய பாதை, ஏற்றிய பாரம் ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

அப்சோர்பர் என்றால் பாரத்தைத் தாங்குவது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கினால் உடனே அடங்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயில் பிஸ்டன் ஏறி இறங்கும். எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகத் திணறிக்கொண்டு போகும். ஆட்டம் சூடாக மாறி வெளியேறிவிடும். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் ஆயிரம் தடவையாவது இது நடக்கிறது.

பிக்-அப், வேன் போன்றவற்றில் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதித்து, 80,000 கிலோமீட்டர் அளவில் மாற்றுவது நல்லது என்பது அப்சோர்பர் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. கனரக லோரிகளுக்குச் சுமார் 240,000 கிலோமீட்டர் என்பார்கள். இதெல்லாம் நல்ல தார்ச்சாலைக்கு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. மண் துகள் தண்டில் ஒட்டி, ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் சீலை அரிக்கும். பாதித் தூரத்திலேயே செத்துப்போன அப்சோர்பர்களை நான் கழற்றியிருக்கிறேன்.

இதில் ஆபத்து என்னவென்றால், அப்சோர்பர் ஒரே நாளில் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால், ஓட்டுபவர் அந்த ஆட்டத்துக்கே பழகிவிடுகிறார். எனக்கே இது நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி, நல்ல மழை. ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் துள்ளி, வண்டி எதிர்த்தடத்துக்குள் சறுக்கியது. எதிரே வண்டி எதுவும் வராததால் தப்பினோம். மறுநாள் கழற்றிப் பார்த்தால், அப்சோர்பர் தண்டு கையால் தள்ளியதும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. வண்டி ஓடியிருந்தது 130,000 கிலோமீட்டர். மற்றவர் வண்டியைப் பார்த்துப் புத்தி சொல்லும் நான், என் வண்டியைப் பார்க்கவில்லை!

பிரேக் புதிதாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சக்கரம் சாலையை அழுத்திக்கொண்டிருந்தால்தான் பிரேக் வேலை செய்யும். துள்ளி எழும்பிய சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பிரேக் பிடித்தால் முன்பக்கம் அதிகமாகக் குனிவது, மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடுவது, டயரைக் கையால் தடவினால் இடையிடையே மேடு பள்ளமாகத் தேய்ந்திருப்பது ஆகியவை அடையாளங்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மேற்பகுதியில் மெல்லிய ஈரப்பூச்சு இருப்பது இயல்புதான். எண்ணெய் வழிந்து கீழ்வரை ஓடியிருந்தால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லி நல்ல அப்சோர்பரை மாற்றும் பட்டறைகளும் இருக்கின்றன.

காரின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்ப்பதுபோல் லோரியைப் பார்க்க முடியாது. அதன் ஸ்பிரிங் தகடுகள் அவ்வளவு விறைப்பானவை. அதற்கு வேறு வழி உண்டு. கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒவ்வொரு அப்சோர்பரின் உடலையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது சூடாக இருக்கும். மற்றது சூடாக இருக்க, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது உழைக்கவில்லை. சில லோரிகளில் பின்பக்கம் அப்சோர்பரே இருக்காது. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதே அங்கு ஆட்டத்தைக் குறைக்கும். அதைத் தேடிப் பயப்பட வேண்டாம்.

லோரிகள் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகின்றன. "பாஸ் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று சிலர் சொல்வார்கள். அது அன்றைய நிலையைத்தான் காட்டும். அடுத்த 6 மாதம் அந்த வண்டி எந்தத் தோட்டத்தில் ஓடப்போகிறது என்பது சோதித்தவருக்குத் தெரியாது.

மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் வளைவில் வண்டி சீராக நிற்காது. விலை குறைவு என்று கழற்றி விற்கும் பழைய அப்சோர்பரை வாங்குவது வீண் செலவு. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. நான் இப்போது மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். அடுத்து யார் வண்டியை எடுத்தாலும் கதவைத் திறந்ததும் கண்ணில் படும்.